பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே 2கே பெயின்ட்: அடித்துப் பார்த்த அனுபவம்

அப்பா வாங்கிய மாருதி 800 மதுரை திருநகர் வீட்டு வாசலில் ஆறு வருடமாகச் சும்மா நின்றது. வெள்ளை மஞ்சள் பாய்ந்து, கதவுக்கு அடியில் துரு. விற்க மனசு வரவில்லை. அதனால் 2கே பெயின்ட் (இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயின்ட்) வாங்கி நானே அடிக்க இறங்கினேன்.

தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு கடையில் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன், அதன் உள்பக்கம் வெயில் படாததால் பழைய நிறம் அப்படியே இருந்தது, அதைப் பார்த்தே அச்சு அசலாகக் கலந்து கொடுத்தார்கள். கலர் விஷயத்தில் முழு மதிப்பெண். ஆனால் மதுரை வெயிலுக்கு மெதுவாகக் காயும் தின்னர் (பெயின்டை இளக்கக் கலக்கும் திரவம்) வேண்டும் என்று சொல்லாமல் சாதா தின்னரைக் கொடுத்துவிட்டார்கள். மே மாத மத்தியானம் பானட்டில் அடித்தேன், பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது, அழுகையே வந்தது. அப்புறம் 800 நம்பர் வாட்டர் பேப்பரில் மொத்தத்தையும் தேய்த்து, தின்னரை மாற்றி, காலை ஆறு மணிக்கு அடித்ததும் கண்ணாடி போல வந்தது.

பெயின்ட் அருமை. ஹார்டனர் கலந்து அடிப்பதால் காய்ந்தபின் பெட்ரோல் சிந்தினாலும் கரையவில்லை, பழைய என்சி (ஹார்டனர் இல்லாத நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் இப்படித் தாங்காது. கலந்ததை மிச்சம் வைக்க முடியாது, டப்பாவிலேயே இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் போதவே போதாது, அதற்குரிய மாஸ்க் போட்டு, குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடியுங்கள்.

பள்ளங்களை நிரப்பும் பட்டியும் அதே கடையில்தான் வாங்கினேன், குறையில்லை.