பழைய காரில் ஹீட்: ஃபேனா, தெர்மோஸ்டாட்டா?

என்னுடையது 2003 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த வயசு வண்டிக்கு ஹீட் பிரச்சினை வந்தால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். டெம்பரேச்சர் மீட்டர் முள் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான் சந்தேகம். சேலத்திலிருந்து தொப்பூர் மேடு ஏறும்போது, எதிர்க்காற்று அடித்தும் ஏறிக்கொண்டே போனால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்திருக்கும், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்காமல் இருக்கும், இல்லையென்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கும்.

எனக்கு முதலில் போனது ஃபேன். ஏசி போட்டாலும் சுற்றவில்லை. ஃபியூஸ் சரி. ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே மாதிரிதான் என்பதால் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. சாக்கெட்டைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தும் அசையவில்லை. மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் சுற்றத் தொடங்கியது. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் இப்படித்தான் செய்யும். பிரஷ் மட்டும் மாற்றியது கொஞ்ச காலமே தாங்கியது. பிறகு மோட்டாரையே மாற்றினேன்.

தெர்மோஸ்டாட் கதை நேரெதிர். எவ்வளவு தூரம் போனாலும் முள் நடுவுக்கு வராது, பைபாஸில் இன்னும் கீழே இறங்கும், மைலேஜும் அடி வாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகிவிட்டது. வால்வு மூடியிருந்தால் இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை அது ஜில்லென்றுதான் இருக்க வேண்டும். கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். வால்வு ஓரத்தில் பிறை மாதிரி வெளிச்சம்; முழுசாக மூடவில்லை.

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார், தூக்கிப் போட்டுட்டு ஓட்டுங்க" என்றார் மெக்கானிக். பல பட்டறைகளில் இதே பேச்சுதான். எனக்கு உடன்பாடில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜின் சூடாகவில்லை என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருந்தால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். 82 டிகிரி என்று முத்திரை குத்திய புதியதை வாங்கி, கம்பியில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் முன்பே வால்வு மெல்லத் திறந்தது. மாட்டும்போது அதன் விளிம்பில் உள்ள சின்ன ஓட்டை மேல்பக்கம் வர வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கிவிடும்.

இப்போது முள் நடுவிலேயே நிற்கிறது. ரேடியேட்டர்தான் பாக்கி. முந்தைய ஓனர் போர் தண்ணியே ஊற்றி ஓட்டியிருக்கிறார் போல, ஃப்ளஷ் செய்தபோது செம்மண் கரைசலாகக் கொட்டியது. கோடைக்குள் கோர் (ரேடியேட்டரின் நடுவே உள்ள குழாய்ப் பகுதி) மாற்ற வேண்டும்.