தேங்காப்பட்டணம் துறைமுகத்துப் பக்கம் போட் வயரிங் கடை: கூலி அதிகம், வேலை சுத்தம்

எங்கள் விசைப்படகில் வலை இழுக்க வின்ச்சை (கயிறு சுற்றும் இயந்திரம்) போட்டால் போதும், எக்கோ சவுண்டர் (கடல் ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் திரைக் கருவி) அணைந்து திரும்ப எழும். முதலில் பார்த்த மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்று இரண்டையும் மாற்ற வைத்தார், காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம் இந்தச் சின்னக் கடைக்காரர் படகில் ஏறி, எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். வின்ச் மெயின் எஞ்சினிலிருந்தே சக்தி எடுக்கிறது, பாரம் ஏறினால் எஞ்சின் வேகம் இறங்குகிறது, அதோடு பெல்ட்டில் ஓடி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் கரண்டும் குறைகிறது, சரியாக அந்த நேரம் பார்த்து படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பும் கிளம்பினால் (கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு இழுக்கும்) 24 வோல்ட் லைன் சட்டென்று சரிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பழுதில்லை!

எக்கோ சவுண்டருக்கும் விஎச்எஃப் ரேடியோவுக்கும் தனி பேட்டரி போட்டு, பம்புக்குத் தடித்த ஒயர் இழுத்து, உப்பில் பச்சை பூத்த டெர்மினல்களையும் மாற்றிக் கொடுத்தார். இப்போது வின்ச் ஓடும்போது திரை அசைவதேயில்லை. கூலி கொஞ்சம் கூடுதல்தான், சொன்ன நாளுக்கு இரண்டு நாள் தாமதம் வேறு. ஜூன் 1-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் நெரியும், முன்னாடியே சொல்லி வையுங்கள்.