பாண்டூன் படகு வாங்குவோர் கவனத்திற்கு: ஓட்டிக் காட்டியது ஒன்று, கொடுத்தது வேறு

எண்ணூர்க் கழிமுகத்தில் குடும்பத்தோடு சென்றுவர நானும் என் மைத்துனரும் கூட்டாக ஒரு பாண்டூன் படகு (அலுமினிய மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் பொருத்திய படகு) வாங்கினோம். விற்றவர் செய்த மோசடியை, வடசென்னையில் இதே வகைப் படகு தேடுவோர் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். (ஃபைபர் படகு என்றால் காசிமேட்டில் ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள், பாண்டூனுக்கு வாய் திறப்பவர் எவரும் இல்லை.)

பட்டறையில் இரண்டு படகுகள் அருகருகே நின்றன. இரண்டும் 6 மீட்டர் நீளம். இருக்கை, கூரை, இன்ஜின் எல்லாம் ஒன்றே. முதல் படகில் எங்களை ஏற்றி ஓட்டிக் காட்டிவிட்டு, அது வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது என்றும், மற்றது "அச்சு அசல் அதேதான் சார், விலை மட்டும் கொஞ்சம் குறைச்சல்" என்றும் கூறி முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டார்.

வேறுபாடு, பக்கத் தகடு மறைத்திருந்த மிதவைக் குழாய்களில் இருந்தது. குழந்தைகளும் பெரியவர்களுமாக ஏறியதும் படகு தாழ்ந்து, சிற்றலைகூடத் தளத்தை நனைத்ததால், கரையேற்றி டேப் வைத்து அளந்தோம். முதல் படகின் விவரத்தாளில் குழாயின் விட்டம் 60 செ.மீ.; எங்களுடையது 50. பத்து செ.மீ. தானே என்று தோன்றலாம். ஆனால் 6 மீட்டர் நீளத்தில் 60 செ.மீ. குழாய் முழுதும் மூழ்கினால் சுமார் 1,700 கிலோவைத் தாங்கும், 50 செ.மீ. குழாயோ 1,180 கிலோவைத்தான் தாங்கும். அதிலும் பாதிக் குழாயாவது நீருக்கு மேலே நிற்பதுதான் பாதுகாப்பு.

வடிகால் மூடியைத் திருகியதும் ஒரு குழாயிலிருந்து சேற்றுநீர் நெடுநேரம் கொட்டியது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும் மிச்சப் பகுதி மிதக்கும்படி உள்ளே தனித்தனி அறைகளாகத் தடுத்திருக்க வேண்டிய குழாய், ஒரே வெற்றுக் கூடாக இருந்தது. இலவசம் என்று அவர் அடித்துக் கொடுத்த சிவப்புப் பெயின்ட் செம்புச்சத்து உள்ளது. மரத்துக்கும் ஃபைபருக்கும் ஏற்ற அது உப்புநீரில் அலுமினியத்தை அரித்துவிடும். சுரண்டிய இடங்களிலெல்லாம் வெள்ளைப் பொடியும் ஊசிமுனைக் குழிகளும் தெரிந்தன.

கேட்டதற்கு, "நாலு பேர் குறைச்சு ஏத்துங்க" என்றார். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை மறக்காத ஊரில், பாரம் தாங்காத படகை விற்றுவிட்டு இப்படிப் பேச மனம் வருகிறது. பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்தார், ஏனெனில் அவர் தந்த ரசீதில் "பாண்டூன் படகு – 1" என்பதைத் தவிர வேறு விவரமே இல்லை.

விவரத்தாள், அளவெடுத்த புகைப்படங்கள், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்துள்ளோம். இத்தகைய புகாருக்குச் சட்டம் தரும் கெடு 2 ஆண்டுகள். வாங்க நினைப்போர் குழாயின் விட்டம், தகட்டின் தடிமன், உள்ளறைகளின் எண்ணிக்கை, ஏற்றக்கூடிய எடை ஆகியவற்றை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கைக்கு வரும் அதே படகில் ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்த்து, கரையில் வடிகால் மூடியைத் திறந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.