பழைய ஈரச் சாணை மெஷின் வாங்கப் போகிறீர்களா? கல்லைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

போன வாரம் புதுச்சேரி போயிருந்தபோது, பழைய மெஷின்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் தண்ணீரில் ஓடும் சாணை மெஷின் ஒன்றைப் பார்த்தேன். தொட்டி நிறையத் தண்ணீர், அதில் கல் முங்கி நிற்கிறது. எட்டு மாதத்துக்கு முன் இதே கடையில், இதே கோலத்தில் நின்ற ஒன்றைத்தான் 9,500 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குக் கடலூர் திருப்பாப்புலியூரில் தச்சுப் பட்டறை. மேஜையில் பொருத்தும் தண்ணீரில்லாத சாணையில் (பெஞ்ச் கிரைண்டர்) உளியைப் பிடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் நுனி நீலம் பாய்ந்து பதம் போய்விடுகிறது. நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடுவது அது. ஈரச் சாணை சுமார் 90 சுற்றுதான். கல் தண்ணீரை ஏந்திக்கொண்டே வருவதால் சூடு ஏறாது. ஸ்வீடனின் டார்மெக் இதில் பேர்போன மெஷின், ஆனால் அந்த விலை எனக்குக் கட்டாது. கடைக்காரர் காட்டியது அதே ஜாடையில் செய்த வேறொன்று. “ஆறு மாசம்கூட ஓடலண்ணே, கல்லு புதுசு, குறுக்களவு 250 மில்லிமீட்டர்” என்றார். சுவிட்சைப் போட்டார், சத்தமில்லாமல் சுற்றியது. கல்லின் பக்கவாட்டில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. கேட்டதற்கு, “அது கல்லோட ரேகைண்ணே” என்றார். நம்பிவிட்டேன்.

பட்டறைக்கு வந்து அந்தக் கோட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. கடலோரத்து போர்த் தண்ணீரில் கல் மாதக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கிறது. தண்ணீர் மட்டத்தில் உப்பு பூத்திருக்கிறது. டேப் வைத்தால் 250 இல்லை, 212. உளியை வைத்தால் சுற்றுக்கு ஒருமுறை கையில் தட்டியது. கல் வட்டமாகவே இல்லை. போதாததற்கு ஒரு பாதி தண்ணீரைக் குடித்துக் கனத்து, மறுபாதி காய்ந்து கிடந்தால் ஓட்டம் எப்படிச் சீராக இருக்கும்?

சரி, கழற்றிப் பார்ப்போம் என்றால் நட்டு அசையவில்லை. டீசல் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டேன். மூன்றாம் நாள் கல் வெளியே வந்தபோது ஷாஃப்ட்டிலிருந்து துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மறுபுறம் இருந்த, தீட்டிய உளியைப் பாலிஷ் போடும் தோல் சக்கரம் எண்ணெயே காணாமல் வெடித்திருந்தது.

திரும்பக் கொண்டுபோனேன். “தண்ணியில நிக்கிறதுதானேண்ணே அதுக்கு வேலை? வித்த சாமான திருப்பி எடுக்கிறதில்ல” என்றார். துண்டுச் சீட்டில் ‘பழைய மெஷின் 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். தெரியாமல் விற்றார் என்று நான் நினைக்கவில்லை. துருப்பிடித்த நட்டின் மேல் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தது.

தண்ணீரில் ஓடுவதுதான் அதன் வேலை, நிற்பது இல்லை. வேலை முடிந்ததும் தொட்டியைக் கீழே இறக்கி, கல்லை இரண்டு மூன்று நிமிடம் சும்மா சுற்றவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நான் இப்போது போர்த் தண்ணீரைத் தொடுவதே இல்லை, குடிக்கிற தண்ணீர்தான் ஊற்றுகிறேன். காய்ந்த கல் முதலில் நிறையக் குடிக்கும். தொட்டி ஒழுகுகிறது என்று பயப்படாமல் மறுபடி ஊற்றுங்கள். இரும்புத் தூளை இழுக்கத் தொட்டியில் ஒரு காந்தம் வேண்டும். அடியில் படியும் சேற்றை வாஷ் பேசினில் கொட்டினால் குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும், தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். அவ்வப்போது கல்லைக் கழற்றி ஷாஃப்ட்டில் கிரீஸ் தடவுங்கள். தோல் சக்கரத்துக்கு மெல்லிய மெஷின் ஆயில் சில சொட்டு, அப்புறம்தான் பாலிஷ் பேஸ்ட்.

வைர முனை வைத்து என் கல்லை வட்டமாக்கியதில் இன்னும் தேய்ந்து 203-க்கு வந்துவிட்டது. 180 பக்கம் வந்தால் புதுக் கல்தான். ஷாஃப்ட்டுக்கு லேத் செலவு தனி.

வாங்கப் போனால் கல்லைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கல்லின் அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாராவது வாங்குவதாக இருந்தால் இங்கே சொல்லுங்கள், ஸ்பானரும் டேப்பும் எடுத்துக்கொண்டு நானே கூட வருகிறேன்.