தண்டு தடிக்க பொட்டாசியம் சிலிகேட்: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

தக்காளித் தண்டு மெலிந்து சாய்கிறது, சிலிக்கா வாங்கி ஊற்றலாமா என்று நண்பர் கேட்டார். சிலிக்காவைத் திரவ உரமாகத் தரும் பொட்டாசியம் சிலிகேட்டை மாடித்தோட்டத்தில் இரண்டு வருடமாக விடாமல் பயன்படுத்தியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். தக்காளிக்காக இதை வாங்க வேண்டாம். பாட்டிலில் 'எல்லாப் பயிர்களுக்கும்' என்று அச்சடித்திருப்பதுதான் இதில் பெரிய கோளாறு.

எல்லாச் செடிகளும் சிலிக்கானை (சிலிக்காவில் இருக்கும் தனிமம்) ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. நெல்லும் கரும்பும் வாரி இழுக்கும். நெல் வேரில் சிலிக்கானை உள்ளே கொண்டுவரும் எல்.எஸ்.ஐ.1 என்ற மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டுபிடித்தார்கள். அந்த வழி நன்றாக வேலை செய்வதால்தான் நெற்பயிர் காற்றுக்குச் சாயாமல் நிற்கிறது, வைக்கோல் கையைக் கீறுகிறது. வெள்ளரி, பூசணி வகைகளும் ஓரளவு நன்றாக எடுக்கும். தக்காளியும் மிளகாயும் எடுப்பது மிகச் சொற்பம். இரண்டு மடங்கு ஊற்றினாலும் தண்டில் ஏறாது, மண்ணில்தான் நிற்கும்.

வெள்ளரியில் கிடைத்த பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரத்திலேயே இலையைத் தடவினால் சொரசொரப்பு தெரியும். இலைக்காம்பு விறைப்பாக நிற்கும், மதிய வெயிலில் இலை தொங்குவது குறையும். சாம்பல் நோய் வரத்தான் செய்கிறது, ஆனால் தாமதமாக வருகிறது, மெதுவாகப் பரவுகிறது. பந்தல் காய்க்கு இது சின்ன விஷயமில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இந்த இரண்டு வருடத்தில் ஸ்ப்ரேயருக்கு மூன்றாவது நாசில் மாற்றியாகிவிட்டது. சிலிகேட் கரைசலின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறக்குறைய 11, நல்ல காரம். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அதைச் சந்தித்த உடனே பால் கலந்தது போல் கலங்கும். அந்தக் கலங்கல்தான் சல்லடையிலும் நாசில் துளையிலும் போய் உட்காருகிறது. காய்ந்துவிட்டால் அது கிட்டத்தட்ட கண்ணாடி. வினிகரில் ஊறப்போட்டால் சுண்ணாம்புப் படிவு போகும், சிலிக்கா போகாது. புதிதாகப் படிந்ததாக இருந்தால் சூடான சலவை சோடாத் தண்ணீரில் இளகும். ஒரு ராத்திரி விட்டால் அதுவும் கிடையாது. குண்டூசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பனி போல் வரவேண்டியது சொட்டாக விழும். பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் தெறித்தால் அந்த வெள்ளைத் திட்டும் நிரந்தரம்.

இதற்கெல்லாம் ஒரே வழி, தெளிக்காமல் வேரில் ஊற்றுவது. சிலிக்கானை வேர்தான் எடுக்கிறது. இலையில் தெளிப்பதில் பெரும்பகுதி மேலே படலமாகக் காய்வதோடு சரி. பாட்டிலில் ஏன் தெளிக்கச் சொல்கிறார்கள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அளவிலும் கவனம் வேண்டும். லிட்டருக்கு 2 மி.லி. என்று போட்டிருக்கும், அது அதிகம். 20 சதவீதம் சிலிக்கா உள்ள திரவத்தில் அரை மி.லி. போட்டாலே ஒரு லிட்டரில் சுமார் 130 மில்லிகிராம் சிலிக்கா சேர்ந்துவிடும். பி.எச். இறங்கிய தண்ணீரில் ஏறக்குறைய அவ்வளவுதான் நிலையாகக் கரைந்திருக்கும், மிச்சம் மெல்ல மெல்லக் கூழாகத் திரளும். மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து முதலில் சிலிகேட்டை ஊற்றிக் கலக்குங்கள். கால் மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். தாளில் 6.5க்கு வந்ததும் அன்றைக்கே செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் கலக்கவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) இரண்டையும் இதோடு ஒரே வாளியில் சேர்க்காதீர்கள், வேறு நாளில் கொடுங்கள்.

பத்து நாளுக்கு ஒரு முறை, சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு இலையில் படிந்த சிலிக்கா அங்கிருந்து புது இலைக்கு நகராது. அதனால் மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக ஊற்றுவதில் பயனில்லை. பி.எச். இறக்காமல் தொடர்ந்து ஊற்றினால் செடிப் பையில் உள்ள மண் காரமாகி இரும்புச்சத்து ஏறாது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

தக்காளிக்கு வருவோம். அதன் தண்டு எப்படி வரும் என்பது பெரும்பாலும் குழித்தட்டிலேயே முடிவாகிவிடுகிறது. முளைத்த நாளிலிருந்து நல்ல வெளிச்சம் இல்லையென்றால் நாற்று நெட்டையாக ஓடிவிடும், அதற்குப் பிறகு எந்த உரமும் காப்பாற்றாது. அந்த நேரத்தில் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் கொடுப்பது இன்னும் கெடுதல், தழைச்சத்து ஏற ஏற நீளம்தான் கூடும். காலையும் மாலையும் நாற்றின் தலையை உள்ளங்கையால் மெல்ல இருபது தடவை வருடிக்கொடுங்கள். தொடுதலுக்கும் காற்றுக்கும் செடி குட்டையாகி, தண்டு தடிக்கும். அமெரிக்கத் தாவரவியலாளர் ஜாஃபே இதற்கு 1973இல் தனிப் பெயரே வைத்தார். பைசா செலவில்லாத இந்த வேலை, தக்காளித் தண்டுக்கு சிலிகேட்டைவிட நிச்சயமாக மேல்.

நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு தண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி நடுங்கள், புதைந்த பகுதி முழுக்க வேர் விடும். பூ எடுத்ததும் எஸ்.ஓ.பி. (பொட்டாசியம் சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து பத்து நாளுக்கு ஒரு முறை. இடையில் வேறொரு நாளில் கால்சியம் நைட்ரேட் 2 கிராம். இரண்டையும் கெட்டியாகக் கரைத்துச் சேர்த்தால் ஜிப்சமாகி அடியில் தங்கிவிடும். கால்சியம் நைட்ரேட்டைப் பிரித்த பாக்கெட்டிலேயே வைத்தால் ஐப்பசியில் தண்ணீராக ஓடும், இறுக்கமான மூடி போட்ட டப்பா அவசியம். நுனியிலிருந்து 15 செ.மீ. கீழே தண்டு ஒரு செ.மீ. தடிமன் இருந்தால் தக்காளிக்குப் போதும். அதற்கு மேல் பருத்து, நுனி இலை சுருண்டால் தழைச்சத்து மிஞ்சியிருக்கிறது, பூ உதிரும்.

வெள்ளரிக்கும் பூசணிக்கும் இதுபோல் பலன் தந்த வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அடுத்த பாட்டில் வாங்குவதாக இல்லை. தண்ணீர் பிடித்து, சாறு பிழிந்து, தாள் நனைத்து இத்தனை பக்குவம் பார்க்க வேண்டிய பொருளை, ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லாமல் தெளிக்கச் சொல்லி விற்பதை மன்னிக்க முடியவில்லை. வரும் பட்டத்தில் பைக்கு இரண்டு கைப்பிடி கருக்கிய உமியைக் கலந்து பார்க்கப்போகிறேன். வெள்ளைச் சாம்பலாக எரிந்த உமியில் சிலிக்கா இறுகிப்போயிருக்கும், கரியாகக் கருகியதுதான் வேண்டும். பலன் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. மிச்சமிருக்கும் சிலிகேட் தீரும்வரை வெள்ளரிக்கு மட்டும், பூவாளியில்.