வரைபடத்தைத் திறப்பதா, உடைமையைப் பகிர்வதா?

யாரும் பார்த்துத் தொடங்கக்கூடிய தொழிலாக இருக்கவேண்டும். இலாபமும் சிலர் கையில் தேங்கக்கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், இன்றுள்ள மாதிரிகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் இடத்தில் இடறுகின்றன.

பரவும் வேகத்தில் திறந்த வன்பொருளுக்கே, அதாவது இயந்திரத்தின் வடிவமைப்பை யாரும் எடுத்துச் செய்யத் திறந்துவிடும் முறைக்கே, முதலிடம். ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் 3டி அச்சுப்பொறி, தன் பிளாஸ்டிக் பாகங்கள் பலவற்றைத் தானே அச்சிடும். பகிர்வில்தான் ஓட்டை. அந்த அடித்தளத்தில் 2009இல் எழுந்த மேக்கர்பாட் நிறுவனம், 2012இல் தன் ரெப்ளிகேட்டர் 2 அச்சுப்பொறியின் வடிவமைப்பை வெளியிடாமல் நிறுத்தியது. மறு ஆண்டே ஸ்ட்ராட்டசிஸ் என்ற நிறுவனம் மேக்கர்பாட்டை வாங்கியது. பலர் சேர்ந்து வளர்த்த அறிவு, விற்ற பணமோ பங்குதாரருக்கு.

1956இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்த மோந்த்ராகோன் கூட்டுறவுக் குழுமம் இதற்கு நேர் எதிர். ஆளுக்கு ஒரு வாக்கு, மேல்–கீழ் சம்பள இடைவெளிக்கு வரம்பு, உபரியில் ஒரு பகுதி உறுப்பினரின் தனிக் கணக்கில். 2013இல் அதன் ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் திவாலானபோது, உறுப்பினர் பலருக்குச் சகோதரக் கூட்டுறவுகள் வேலை கொடுத்தன. ஆனால் சேர முதல் கட்டவேண்டும். வெளிநாட்டுக் கிளைத் தொழிலாளர் பெரும்பாலும் உறுப்பினர்களே அல்ல. பகிர்வு வேலிக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஓப்பன் சோர்ஸ் எகாலஜி என்ற திறந்த வன்பொருள் அமைப்பு முன்வைக்கும் பரவல் தொழில் எனக்கு இவற்றைவிடப் பிடித்தது. 50 இயந்திரங்களின் வரைபடத்தோடு, அவற்றைச் செய்து பிழைக்கும் வழியையும் திறந்துவைப்பது அதன் இலக்கு. சொல்வது எளிது, ஆவணத்தில்தான் சறுக்கும். பொருளின் மேற்பரப்பு வடிவத்தைத் தரும் எஸ்டிஎல் கோப்பு மட்டும் போட்டால் அச்சிடலாம், திருத்துவது பெரும்பாடு. கணினியில் வரைந்த மூல வடிவமைப்பான கேட் (CAD) கோப்பு வேண்டும். பாகப் பட்டியலில் மாற்றுப் பாகம் இல்லையென்றால், ஒரு வால்வு சந்தையில் நின்றதும் இயந்திரமே நின்றுவிடும். அதிகம் விடுபடுவது, பற்றவைக்கும்போது பாகங்களை அசையாமல் பிடிக்கும் ஜிக் என்ற தாங்கியின் வரைபடம். அது இல்லாமல் மண்கல் அழுத்தும் இயந்திரத்தின் சட்டத்தைப் பற்றவைத்தால், சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும். அச்சுப்பெட்டி கோணி, அழுத்தும் தட்டு சுவரில் உரசும். இவற்றோடு மூலப்பொருள் செலவு, வேலைமணி, கழிவு, பழுதுக்கு ஒதுக்கிய தொகை எல்லாம் எண்ணாக வெளிவரவேண்டும்.

ஆகவே இரண்டையும் இணைப்பதே சரி: உடைமைக்குக் கூட்டுறவு, வடிவமைப்புக்கு செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வகம் எழுதி 2020இல் வந்த திறந்த வன்பொருள் உரிமத்தின் எஸ் வகை. திருத்திய பொருளை விற்பவர் திருத்திய மூலத்தையும் தரவேண்டும் என்கிறது அது. ‘வணிகத்துக்கு அல்ல’ என்ற நிபந்தனையைச் சேர்க்காதீர்கள். அடுத்த பட்டறை அதை விற்றுப் பிழைக்கவே முடியாது. பிரிக்கமுடியாத கையிருப்பை, அதாவது நிறுவனத்தை விற்றாலும் உறுப்பினர் பங்கிட்டுக்கொள்ள முடியாத நிதியை, துணைவிதியில் முதல் நாளே எழுதுங்கள். நிறுவனத்தை வாங்க ஆள் வந்தபிறகு அதற்கு வாக்குக் கேட்டால் கிடைப்பது கடினம்.