குழாய் இல்லாத மெஷினோடு மூன்றரை வருஷம்

போன வாரம் தென்காசியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணாச்சி, நீங்க வச்சிருக்கீங்கள்ல அந்த அல்ட்ராசோனிக் மெஷின், இப்ப விலை இறங்கியிருக்கு. ஒண்ணு வாங்கிப் போட்டுரவா?" என்றான். என்னுடையது இரண்டாவது தடவையாக ரிப்பேருக்குப் போய், 1,800 ரூபாய் செலவு வைத்துவிட்டு வந்து சேர்ந்த நாள் அது. போனில் கோபமாகத்தான் பேசினேன். அவனுக்கும், அவனைப்போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இதை நிதானமாக எழுதுகிறேன்.

டவுனில் எனக்கு வாட்ச் ரிப்பேர் கடை. தண்ணீரை அதிரவைத்து வாட்ச் சாமான்களின் அழுக்கை எடுக்கும் மெஷின் இது. இரண்டு லிட்டர் தொட்டி, 40 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு 40,000 அதிர்வு), ஹீட்டர் உண்டு. மீதி விவரமெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும்.

முதல் மாசமே கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரிடையர்டு வாத்தியார் ஒருவர் எச்எம்டி ஜனதா வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா கட்டியது. ரொம்ப வருஷம் பீரோவில் கிடந்திருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால், பழைய எண்ணெய் இறுகிப் பிசின்போல ஒட்டியிருக்கிறது. சக்கர முனை உட்கார்ந்து சுற்றும் ஜூவல் (கல்) ஓட்டை ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு வளையம். முன்பெல்லாம் இதைப் பெட்ரோலில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, குச்சியைக் கூராகச் சீவி ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுப்பேன். ஒரு பகல் போய்விடும். சக்கரத்தின் இரண்டு பக்க முனையும் தலைமுடி கனம்தான் இருக்கும். கை கொஞ்சம் அழுத்தினால் போச்சு. எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016ல் முடிவானபிறகு புதுச் சாமானுக்கு எங்கே போக? ஓடாத இன்னொரு வாட்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

அந்தச் சக்கரங்களைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் போட்டு, ஒயிட் பெட்ரோல் ஊற்றி மூடி, தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். பெட்ரோலை நேராகத் தொட்டியில் ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். ஜாடி உள்ளே இருக்கும்போது ஹீட்டரையும் போடக் கூடாது. அலை கண்ணாடியைத் தாண்டிப் போய் வேலை செய்யும். சுவிட்சைப் போட்டதும் சக்கரத்தின் பல்லிடுக்கிலிருந்து கறுப்பு நூல் நூலாக, ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல இறங்கியது. நாலே நிமிஷம். சாமணத்தால் எடுத்து லென்ஸ் வழியே பார்த்தேன். பித்தளை தங்கம்போல இருந்தது, முனையில் ஒரு கீறல் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கறுப்பு இறங்குவதைப் பார்க்க, கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.

நம் காதுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. இது 40,000. தொட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வில்லை அந்த வேகத்தில் அதிர, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி உண்டாகி உடைகின்றன. உடையும் இடத்தில் அழுக்கு பெயர்கிறது. பிரஷ் நுழையாத ஓட்டைக்குள்ளும் குமிழி நுழையும், அவ்வளவுதான் சூட்சுமம். அதிர்வு குறையக் குறையக் குமிழி பெரிதாகும், அடியும் பலமாகும். அதனால் நம் வேலைக்கு 40க்குக் கீழே வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் போடலாம் என்று நினைத்துவிடவும் கூடாது. சக்கரத்தின் பல்லை விட்டு விட்டுப் பிடிக்கும் சின்னக் கவைதான் பேலட் போர்க். அதில் இருக்கும் சின்னச் சிவப்புக் கல்லை ஷெல்லாக் என்ற அரக்கால் ஒட்டியிருப்பார்கள். ஸ்பிரிட்டில் ஊறினால் கல் கழன்றுவிடும். முடிபோல மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கை நான் தனியாக மெஷினில் போடுவதே இல்லை. இரண்டு கடை தள்ளி இருக்கும் ஆசாரி ஒருநாள் கல் வைத்த பழைய அட்டிகையோடு வந்தார். உள்ளே அரக்கு நிரப்பிய நகை, சூடும் அதிர்வும் சேர்ந்தால் கல் நிற்குமா? "அண்ணாச்சி, வேண்டாம்" என்று அவரைத் தடுத்துவிட்டேன். முத்தும் மரகதமும்கூட ஆகாது. அட்டிகைக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும்தான் சரி என்று அவரே எடுத்துப் போய்விட்டார்.

இனி என் வயிற்றெரிச்சல். இந்தத் தொட்டிக்கு வடிகால் குழாய் கிடையாது.

வாட்சின் ஸ்டீல் செயின், கேஸ் (வெளிக்கூடு) எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவுவதால் தினமும் தண்ணீரை மாற்றியாக வேண்டும். மெஷினைத் தூக்கிச் சாய்த்துத்தான் ஊற்ற முடியும். விளிம்பு மழுங்கலாக மடிந்திருக்கிறது. தண்ணீர் நேராக விழாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வழிந்து, அடியில் காற்றுப் போக வைத்த துளை வழியாகச் சர்க்யூட் போர்டுக்கே போகிறது. முதல் தடவை 14 மாசத்தில் போர்டு போனது. அப்புறம் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துப் பார்த்தேன். அப்போதும் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கிறது, அதற்குச் சாய்க்கத்தானே வேண்டும்? துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். போன மாசம் மறுபடி போர்டு போனது. கழற்றிக் காட்டினார்கள். எங்கள் போர் தண்ணீரின் உப்பு, கால் இஞ்சுக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது.

விற்றவரிடம் கேட்டால், சாய்த்து ஊற்றியதால் வாரண்டி கிடையாது என்றார். மெஷினோடு வந்த தாளில் சாய்த்து ஊற்றச் சொல்லிப் படமே போட்டிருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நூறு ரூபாய்க் குழாய் ஒன்றை வைக்காமல் உழைக்கிறவன் தலையில் இப்படிக் கட்டுவது நியாயமே இல்லை.

அதிர்கிற வில்லைக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாசம் ஒருமுறை அலுமினியத் தாளைத் தண்ணீரில் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு நிமிஷத்தில் தாள் முழுக்க ஒரே சீராகப் பொத்தல் விழுகிறது. தண்ணீரும் புதிதாக ஊற்றியதும் பத்து நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும், கரைந்திருக்கும் காற்று வெளியேறினால்தான் அழுக்கு ஒழுங்காகப் போகும். இப்போது பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கித்தான் ஊற்றுகிறேன். செலவு கூடுகிறது, ஆனால் கேஸில் வெள்ளைப் புள்ளி விழுவது நின்றுவிட்டது.

தம்பிக்கு என் பதில், வாங்காதே. விலை பாதியானாலும் இந்த மெஷின் வேண்டாம். இன்னும் ஆறு மாசம் காசு சேர்த்து, குழாய் வைத்ததாகப் பார்த்து வாங்கு. அதுவரைக்கும் உன் சக்கரங்களை டப்பாவில் போட்டு இங்கே அனுப்பு, நான் கழுவி வைக்கிறேன்.